பொன்னூர் மலையும் பதினான்கு படிகளும்

வந்தவாசி என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு 1760 ஜனவரி 22 நினைவுக்கு வரும். அயர் கூட்டின் ஆங்கிலேயப் படை லாலியின் பிரெஞ்சுப் படையை முறியடித்த நாள் அது. மற்றவர்களுக்கு அது கோரைப்பாய் நெய்யும் ஊர். கர்நாடகத்திலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வரும் திகம்பர சமண யாத்திரிகர்களுக்கோ, பொன்னூர் மலைக்குப் போகும் வழியில் வரும் ஊர். சேத்துப்பட்டு சாலையில் சில கிலோமீட்டர் போனால் மலை தெரியும். பெரிய மலை இல்லை. உச்சியில் கோபுரமோ மூலவரோ எதிர்பார்த்து ஏறுகிறவருக்கு அங்கே கிடைப்பது பாறையில் செதுக்கிய இரண்டு பாதங்கள். குந்தகுந்தர் என்ற ஆசாரியர் அங்கே தவம் செய்தார் என்பது மரபு. சமயசாரம், பிரவசனசாரம், நியமசாரம், பஞ்சாஸ்திகாயம் ஆகிய பிராகிருத நூல்களின் ஆசிரியர் அவர். திகம்பரர்கள் சொல்லும் மங்கலத் துதியில் மகாவீரர், கௌதம கணதரர் ஆகியோருக்கு அடுத்தபடியாக அவர் பெயர் வருகிறது.

ஆன்மிக விழிப்பு என்று இன்று பரவலாகப் பேசப்படுவது பெரும்பாலும் ஒரு மின்னல்வெட்டைப் பற்றிய பேச்சு. ஒரு கணத்தில் எல்லாம் தெளிந்தது, அதற்குப் பின் வாழ்க்கை மாறிவிட்டது என்பார்கள். இந்த மலையைச் சுற்றி வாழும் தமிழ்ச் சமணரின் மரபு இதைக் கேட்டு மறுக்காது. அந்தக் கணம் உண்டு என்றே சொல்லும். ஆனால் அதற்குப் பின் என்ன ஆயிற்று, கோபம் எவ்வளவு நாள் நின்றது, எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குச் சறுக்கினாய் என்று விடாமல் கேட்கும். உள்மாற்றத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கெடுத்த மரபு உலகில் அதிகம் இல்லை. அந்தக் கணக்குக்குக் குணத்தானம் என்று பெயர், படிகள் பதினான்கு. அந்தப் படிகளையே உயிருக்குச் சொந்தமில்லை என்று சொன்னவர்தான் இந்த மலையின் ஆசாரியர். ஏணியும் வேண்டும், ஏணி உயிருடையதும் அல்ல என்னும் இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்வதுதான் நம் வேலை.

முதலில் மலையின் ஆசாரியர் யார் என்பதில் உள்ள சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். குந்தகுந்தருக்குப் பத்மநந்தி, ஏலாசாரியர், வக்கிரக்கிரீவர், கிருத்திரபிஞ்சர் என்று வேறு பெயர்களும் சொல்லப்படுகின்றன. அவருடைய காலத்தை மரபு கிறித்து பிறப்பை ஒட்டி வைக்கிறது. 1935-இல் பிரவசனசாரத்தைப் பதிப்பித்த ஏ. என். உபாத்யே ஏறத்தாழ அதை ஏற்றார், எம். ஏ. டாக்கி போன்றோர் பல நூற்றாண்டு தள்ளி எட்டாம் நூற்றாண்டுவரை கொண்டுவந்தார்கள். இங்கே இன்னொரு இழை பின்னுகிறது. பொன்னூர் ஆதிநாதர் கோயிலில் 1733-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஞாயிறுதோறும் ஏலாசாரியர் வழிபாட்டின்போது தீர்த்தங்கரர் பார்சுவநாதர், பெண்தெய்வம் ஜ்வாலாமாலினி ஆகியோரின் திருமேனிகளை நீலகிரிக்கு எடுத்துச் செல்லும் ஏற்பாட்டை அது குறிக்கிறது. நீலகிரி என்பது இந்தப் பொன்னூர் மலைதான். இதற்கு எட்டு நூற்றாண்டு முன்பே, 939-இல், இராஷ்டிரகூடர் தலைநகரான மானியகேடத்தில் இந்திரநந்தி எழுதிய ஜ்வாலாமாலினி கல்பம் தென்னாட்டு ஏலாசாரியர் ஒருவரின் கதையைச் சொல்கிறது. அவருடைய மாணவி கமலஸ்ரீயைப் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்ள, அவர் ஹேமக்கிராமத்துக்கு அருகிலிருந்த நீலகிரிமேல் ஏறி ஜ்வாலாமாலினியை வேண்டி அவளை விடுவிக்கிறார். ஹேமக்கிராமம் பொன்னூரே என்று பி. பி. தேசாய் 1957-இல் வந்த தம் ஆய்வு நூலில் அடையாளம் காட்டினார்.

ஆக, மலைமேல் நினைக்கப்படும் ஏலாசாரியர் இருவராக இருக்கலாம். ஒருவர் பேய் பிடித்த பெண்ணுக்காகத் தெய்வத்தை அழைத்தவர். இன்னொருவர் தன்னையறிவதைத் தவிர வேறெதுவும் தன்னை விடுவிக்காது என்று எழுதியவர். காலப்போக்கில் இருவரும் ஒரே பாதச்சுவட்டில் கலந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். இதை வரலாற்றுக் குழப்பம் என்று மட்டும் ஒதுக்க மனம் வரவில்லை. துன்பம் தீரவேண்டி மலையேறுகிறவரும், துன்பத்தின் வேரைத் தேடி மலையேறுகிறவரும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். முன்னவரைக் கீழே நிறுத்தி ஏளனம் செய்யாமல், எங்கே நிற்கிறார் என்று மட்டும் சொல்லக்கூடிய ஒரு கணக்கு இந்த மரபுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

குணத்தானக் கணக்கின் மூல நூல் புட்பதந்தரும் பூதபலியும் இயற்றிய ஷட்கண்டாகமம். அதற்கு வீரசேனர் எழுதிய தவளா என்ற பேருரை 816-இல் முடிந்தது. ஆசிரியர் இருவரில் பூதபலி தமிழ் நாட்டுக்குச் சென்றார் என்று அந்த உரையே சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டில், சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரை எழுப்பிய சாவுண்டராயரின் ஆசிரியர் நேமிசந்திரர், கோமட்டசாரத்தில் இவற்றைச் சுருக்கித் தந்தார். தமிழ்ச் சமணர் இந்த அறிவைத் தம் சொற்களில் வைத்துக்கொண்டார்கள். வினை உயிருக்குள் வருவது ஊற்று, ஒட்டுவது கட்டு, வரும் வழியை அடைப்பது செறிப்பு, ஒட்டியது விழுவது உதிர்ப்பு, முற்றிலும் விடுபடுவது வீடு. சரியான பார்வை நற்காட்சி. அது இல்லாத நிலை பொய்க்காட்சி.

பொய்க்காட்சிதான் முதல் படி. இதைப் படி என்று சேர்த்ததிலேயே ஓர் அடக்கம் தெரிகிறது. யாரும் கணக்குக்கு வெளியே இல்லை. உடலையே தான் என்று எண்ணுகிற, வெறுப்பையும் விருப்பையும் தன் இயல்பு என்று நம்புகிற எந்த உயிரும் இங்கேதான் இருக்கிறது. இங்கிருந்து இரண்டாம் படிக்கு ஏற முடியாது. இந்த ஏணியின் வினோதமான உண்மை இது: இரண்டாம் படி மேலிருந்து விழுகிறவருக்கு மட்டுமே உரியது. விழித்தவர் கண நேரம் அந்தச் சுவையை நாவில் வைத்தபடி பழைய இருட்டுக்குத் திரும்பும்போது அங்கே தங்கிப் போகிறார். மூன்றாவது, சரியும் தவறும் கலந்து நிற்கும் கலப்பு நிலை. அந்த நிலையில் யாருக்கும் மரணம் நேராது என்கிறது நூல். ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்த பின்தான் உயிர் உடலை விடும்.

நான்காவது படிதான் விழிப்பு. சமண நெறியைப் பற்றி 1979-இல் பத்மநாப ஜெயினி எழுதிய நூலில் முதல் விழிப்பு என்று அவர் பெயர் வைத்தது இதைத்தான். முதன்முறையாக ஓர் உயிருக்கு நற்காட்சி கிடைக்கும்போது அதன் ஆயுள் ஓர் அந்தர்முகூர்த்தம், அதாவது 48 நிமிடத்துக்கும் குறைவு. அதன்பின் அது வேறொரு வகை நற்காட்சியாக நிலைபெறலாம். மூன்றுக்கோ இரண்டுக்கோ ஒன்றுக்கோ விழவும் விழலாம். ஆனால் அந்த 48 நிமிடத்துக்குள் ஏதோ ஒன்று திரும்பமுடியாதபடி நடந்துவிடுகிறது. எத்தனை முறை விழுந்தாலும், எத்தனை பிறவி ஆனாலும், இனி அந்த உயிருக்கு வீடு உறுதி. விழிப்பைப் பற்றி இதைவிட நிதானமாக ஒருவர் பேசியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. கணத்தின் பெருமையைக் குறைக்கவில்லை. கணத்தையே முடிவென்று கொண்டாடவும் இல்லை.

இந்த விழிப்புக்கு மனிதராகப் பிறந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மனம் உடைய ஐயறிவு விலங்குக்கும் நரகருக்கும் கிடைக்கலாம். மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்தபோது முனிவர் இருவரின் சொல் கேட்டு நற்காட்சி பெற்றார் என்பது புராணம். விலங்கு ஐந்தாம் படிவரை ஏறலாம். தேவர்களோ நான்கைத் தாண்ட முடியாது, ஏனென்றால் அவர்களால் விரதம் ஏற்க முடியாது. சுகம் நிறைந்த வானுலகத்தான் நான்கில் நிற்க, இரை விட்ட சிங்கம் அவனைக் கடந்து ஒரு படி மேலே நிற்கிறது. அறிந்தது நடத்தையாக மாறினால்தான் அடுத்த படி என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல வழியில்லை.

இந்தப் படிகளை எது பிரிக்கிறது? அனுபவத்தின் ஒளியோ காட்சிகளோ அல்ல. கோபம், செருக்கு, வஞ்சனை, பேராசை என்ற நான்கு கஷாயங்கள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கின்றன என்பதே அளவு. ஒவ்வொன்றும் நான்கு தரம். ஆழமான தரம் நற்காட்சியையே வரவிடாது. அடுத்தது இல்லறத்தாரின் விரதத்தைத் தடுக்கும். மூன்றாவது முனிவரின் முழு விரதத்தைத் தடுக்கும். நான்காவது, மெல்லியது, பூரண ஒழுக்கத்தை மட்டும் தடுக்கும். கல்லில், மண்ணில், புழுதியில், நீரில் கீறிய கோடுகளைப் போன்றவை இவை என்கிறது கோமட்டசாரம். நீரில் கீறியது கீறும்போதே மறைகிறது. கல்லில் கீறியதை அழிக்க ஆளில்லை.

அந்த நூல் இவற்றுக்குக் கால அளவும் தருகிறது. மனத்தில் தங்கும் வாசனை மெல்லியதில் அந்தர்முகூர்த்தம், அடுத்ததில் பதினைந்து நாள், அதற்கடுத்ததில் ஆறு மாதம், ஆழமானதில் பிறவி பிறவியாக. ஒருவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று அடுத்தவர் சொல்ல முடியாது. நூலும் அந்த அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இது போதும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பேச்சு நின்று போனது எத்தனை வருஷமாகிறது? வரப்புத் தகராறில் வாயிலிருந்து வந்த சொல்லை இன்னும் மனம் எத்தனை முறை சொல்லிப் பார்க்கிறது? ஆறு மாதத்துக்கு மேல் ஒரு பகையை அடைகாத்துக்கொண்டு, தியானத்தில் எனக்கு ஒளி தெரிந்தது என்று சொன்னால், இந்தக் கணக்கு அதை ஏற்றுக்கொள்ளாது. சமண விழிப்புக் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கண்கூடாகத் தெரியாத ஒன்றை, தெரியக்கூடிய ஒன்றால் சோதிக்கச் சொல்கிறது.

வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர், நயினார் என்று அழைக்கப்படுகிறவர்கள், நெடுங்காலமாக நிலத்தை நம்பியவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுச் சமணர் தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. அதிலும் வடக்கிலிருந்து வந்து குடியேறிய வணிகர்கள் கணிசம். மண்ணை உழுதால் புழு சாகும். நீர் பாய்ச்சினால் எறும்பு சாகும். கொல்லாமையைத் தலைமேல் வைத்த சமயத்தை ஓர் உழவன் எப்படிப் பின்பற்றுவது? ஐந்தாம் படி இந்தக் கேள்விக்கான பதில். அதன் பெயரே பகுதி விரதம். கொல்லவேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யும் கொலையை அவன் முழுவதும் விடவேண்டும். சமையலிலும் தொழிலிலும் தற்காப்பிலும் தவிர்க்க முடியாமல் நேர்வதைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். இந்த ஒரே படிக்குள் பதினொரு உட்படிகள் உண்டு, படிமைகள் என்பார்கள். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவிய அருங்கலச்செப்பு, இல்லறத்தார் ஒழுக்கத்தை எளிய குறள் வடிவத் தமிழில் வைத்திருக்கிறது. பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பது, நீரை வடிகட்டிக் குடிப்பது என்று இந்த வட்டாரத்து வீடுகளில் பாட்டிகள் கட்டாயமாக்கி வைத்தவை எல்லாம் இந்தப் படியின் அன்றாடம்.

ஆரணிப் பட்டும் இந்தக் கேள்வியை எழுப்புகிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகளை, உள்ளே உயிர் இருக்கும்போதே வெந்நீரில் இட்டு இழை எடுக்கிறார்கள். பட்டு இந்த ஊர்ப்பக்கத்தின் பெருமை, பல குடும்பங்களின் சோறு. அதை ஒருவர் உடுத்தலாமா? ஐந்தாம் படி எல்லோருக்கும் ஒரே ஆணை போடுவதில்லை. இன்றைக்கு உன்னால் விடமுடிந்தது எது என்று கேட்கிறது. விட்டதை மறுபடி எடுக்காதே என்கிறது. கல்யாணத்துக்குப் பட்டு வேண்டாம் என்று ஒரு பெண் முடிவெடுத்தால், அந்த முடிவு வெளியே துணி பற்றியது. உள்ளே ஒரு கஷாயத்தின் தரம் இறங்கியதைப் பற்றியது. வெளி விரதம் உள்மாற்றத்தை உண்டாக்கிவிடும் என்று இந்த மரபு நம்பவில்லை. உள்ளே இறங்கியது வெளியே விரதமாக வந்தே தீரும் என்று நம்புகிறது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

முனிவர் நிலை ஆறிலும் ஏழிலும் தொடங்குகிறது. ஆறாவதில் விரதம் முழுமை, ஆனால் கவனம் தளரும். ஏழாவதில் தளர்ச்சி இல்லை. எந்த முனிவரும் ஏழில் குடியிருக்க முடியாது. அந்தர்முகூர்த்தத்துக்குள் ஆறுக்கு இறங்கி, மறுபடி ஏறி, ஊசல்போல் இருந்துகொண்டே இருப்பார். நடக்கும்போது, போதிக்கும்போது, உண்ணும்போது ஆறு. தன்னில் ஆழ்ந்திருக்கும்போது ஏழு. துறவியைப் பற்றிய நம் சிலை போன்ற கற்பனையை இது உடைக்கிறது.

எட்டிலிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மோகத்தை அமுக்கிக்கொண்டு ஏறுவது; இன்னொன்று அழித்துக்கொண்டு ஏறுவது. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் சேறு அடியில் படிந்து நீர் தெளிகிறது. ஆனால் பானையை அசைத்தால் போதும். அமுக்கி ஏறியவர் பதினொன்றாம் படியில் அப்படித்தான் தெளிந்து நிற்கிறார். மோகத்தின் அசைவே இல்லாத அபூர்வ அமைதி அது. அந்தர்முகூர்த்தத்துக்குள் அங்கிருந்து கட்டாயம் விழுவார். முதல் படிவரைகூட விழலாம். அழித்து ஏறியவர் பதினொன்றைத் தொடுவதே இல்லை. பத்திலிருந்து நேராகப் பன்னிரண்டுக்குப் போகிறார். பத்தாம் படியிலும் ஒன்று மிச்சமிருக்கும்: மிக மெல்லிய பேராசை. கோபமும் செருக்கும் வஞ்சனையும் போன பிறகும் இது போவதில்லை. மேலே இருப்பவை சீக்கிரம் சொல்லி முடிப்பவை. பதின்மூன்றில் முழு அறிவோடு உடலில் இருக்கும் அருகன். பதினான்கு, ஐந்து குற்றெழுத்துகளை உச்சரிக்கும் நேரம் மட்டுமே; அதன்பின் வீடு.

உயர்ந்த அமைதி என்பது உயர்ந்த ஆபத்தாக இருக்கலாம் என்பதே பதினொன்றாம் படி சொல்வது. அடக்கி வைத்ததையும் இல்லாமல் போனதையும் உள்ளே இருப்பவரால்கூடப் பிரித்தறிய முடியாது. தியான முகாமில் பத்து நாள் கிடைத்த அமைதி வீட்டுக்கு வந்ததும் ஏன் போய்விடுகிறது என்று வருந்துகிறவர்களுக்கு இது ஆறுதலாகவும் எச்சரிக்கையாகவும் இருக்கும்.

இனி, பொன்னூரார் இதைப் பற்றி என்ன சொன்னார் என்று பார்க்கலாம். சமயசாரத்தில் குந்தகுந்தர், குணத்தானங்கள் எல்லாம் மயக்கத்தை உண்டாக்கும் மோகனீய வினையின் உதயத்தால் சொல்லப்படுபவை; சடமானவை எப்படி உயிராகும் என்று கேட்கிறார். ஒரு சொல்லில் ஏணியே தள்ளப்பட்டுவிட்டது. அதோடு நிற்கவில்லை. இரும்பு விலங்கு எப்படிக் கட்டுமோ பொன் விலங்கும் அப்படியே கட்டும். நல்வினையும் தீவினையும் கட்டுகளே என்கிறார். கழுவாய் முதலிய சடங்குகளை நச்சுக்குடம் என்றே ஓரிடத்தில் அழைக்கிறார். வெறும் துணிச்சலுக்காகச் சொன்னவை அல்ல இவை. படிகள் உயிர் வளர்ந்த அளவைக் காட்டவில்லை. உயிரை மூடியது விலகிய அளவைக் காட்டுகின்றன என்பது அவர் கருத்து. முதல் படியில் இருக்கும் உயிரும் பதினான்கில் இருக்கும் உயிரும் தம் இயல்பில் ஒன்றே. அப்படியானால் நான் ஐந்தாம் படியில் இருக்கிறேன் என்று பெருமைப்பட எதுவும் இல்லை. அந்த எண்ணிக்கை அழுக்கின் எண்ணிக்கை.

இந்தச் சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நேர்மையான சாட்சி இருக்கிறது. ஜவுன்பூரில் 1586-இல் பிறந்த வணிகர் பனாரசிதாஸ், 1641-இல் அர்த்தகதானகம் என்ற தன்வரலாற்றை எழுதினார். இந்திய மொழிகளில் மிகப் பழைய தன்வரலாறுகளில் ஒன்று அது. முப்பத்தேழு வயதை ஒட்டிச் சமயசாரத்தை ராஜமல்லரின் உரையோடு படித்தார். உயிர் தூயது, சடங்கு வீண் என்ற இடம் பிடித்துக்கொண்டது. வழிபாடு, விரதம், நோன்பு எல்லாவற்றையும் விட்டார். நண்பர் மூவரோடு ஓர் அறைக்குள் ஆடை களைந்து, நாங்கள் முனிவர்கள் என்று ஆடியதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஊர் ஏசியது. சடங்கின் சுவை போயிற்று, தன்னையறிந்த சுவை வரவுமில்லை என்று தம் நிலையை அவரே சொல்கிறார். பன்னிரண்டு ஆண்டுபோல இப்படிக் கழிந்தது. 1635-இல் ஆக்ராவுக்கு வந்த பண்டிதர் ரூப்சந்த், கோமட்டசாரத்தைப் பாடம் சொன்னார். எந்தப் படியில் இருப்பவருக்கு எந்த ஒழுக்கம் என்ற கணக்கு விளங்கியது. பனாரசிதாஸ் நிலைப்பட்டார். அடுத்த ஆண்டே சமயசாரத்தை நாடகம் என்ற பெயரில் இந்தியில் பாடினார்; அதன் முடிவில் குந்தகுந்தரிடம் இல்லாத ஓர் அதிகாரத்தைத் தாமாகச் சேர்த்தார். பதினான்கு குணத்தானங்கள் பற்றிய அதிகாரம் அது.

ஏணியை மறுத்த நூலின் முடிவில் ஏணியைக் கொண்டுவந்து சாத்தியது முரண்பாடாகத் தோன்றலாம். குந்தகுந்தரை முழுதும் படித்தவருக்கு அப்படித் தோன்றாது. வேற்று மொழிக்காரனுக்கு அவன் மொழியில் சொல்லாமல் விளங்கவைக்க முடியாததுபோல், உலக வழக்கின் துணையில்லாமல் பரமார்த்தத்தைப் போதிக்க முடியாது என்று நூலின் தொடக்கத்திலேயே அவர் சொல்லியிருக்கிறார். நச்சுக்குடம் என்ற இடத்துக்கு உரை எழுதிய அமிர்தசந்திரரும், கழுவாயே நஞ்சு என்றால் கழுவாயே செய்யாத அலட்சியம் எப்படி அமுதமாகும் என்று கேட்டு, கீழே விழாதே, மேலே ஏறு என்று கடிந்துகொள்கிறார். பனாரசிதாஸ் செய்த பிழையை ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு முன்பே ஓர் உரையாசிரியர் கண்டிருக்கிறார். இன்று எல்லாம் ஒன்றே, செய்ய ஒன்றுமில்லை என்ற வாக்கியத்தை இரண்டு பிரசங்கம் கேட்டதும் கைக்கொள்கிறவர்கள் பலர். அவர்கள் ரூப்சந்த் பண்டிதரைச் சந்திக்கவேண்டியவர்கள்.

வந்தவாசி இருக்கும் அதே மாவட்டத்தில்தான் திருவண்ணாமலை. 1896-இல் மதுரையில் பதினாறு வயதில் மரண பயத்தின் வழியே தன்னையறிந்த ரமணர், அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அங்கே வந்து சேர்ந்தார். படியில்லா விழிப்புக்கு அவரைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அவருடைய நிலையைச் சமணக் கணக்கில் பொருத்துவது முறையல்ல. ஆனால் அவரைப் பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் விசாரணையை விடாமல் செய்யச் சொன்னார் என்பதை நினைவில் கொள்ளலாம். சைவ சித்தாந்தமும் மலம் பக்குவப்படவேண்டும் என்கிறது. அருள் பதிதலாகிய சத்திநிபாதத்துக்கு நான்கு தரம் வகுக்கிறது. ஸ்பெயினில் அவிலாவின் தெரேசா 1577-இல் உள்ளக் கோட்டையின் ஏழு மாளிகைகளை எழுதினார். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபவுலர் 1981-இல் நம்பிக்கையின் ஆறு நிலைகளை உளவியலாக வகுத்தார். ஃபவுலரின் ஏணியில் மனிதன் வளர்கிறான்; இங்கே ஒன்றும் வளர்வதில்லை, உதிர்கிறது. கீழே விழுவதற்குத் தனிப் படிகளையே ஒதுக்கி வைத்த ஏணி வேறெங்கும் என் கண்ணில் படவில்லை.

செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிய பாறைப் பக்கத்தில், சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டதை ஒரு பழங்கல்வெட்டு குறிக்கிறது. இன்னொன்று இளையபட்டாரர் என்பவரின் முப்பது நாள் நோன்பை. பெயரையும் நாட்களின் எண்ணிக்கையையும் தவிர வேறு அதிகம் அந்தக் கல் சொல்லவில்லை. சல்லேகனை என்ற இந்த நோன்பைத் தற்கொலையாகக் கருதி 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தடை செய்தது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. சட்டம் பார்க்கக்கூடியது உடலை. மரபு கேட்பது வேறு: கடைசி நாட்களில் அவரிடம் எந்தக் கோடு மிச்சமிருந்தது, கல்லிலா, நீரிலா? இதற்குப் பதில் எழுதக் கல்வெட்டால் ஆகாது.

இவ்வளவுக்கும் மேலே ஓர் உண்மை உண்டு. பொன்னூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பங்களில் சமயம் படித்தவர்கள் இதை அறிவார்கள். சமணக் காலக்கணக்கில் இந்தக் காலம் ஐந்தாம் காலம். இதில் பிறந்தவர் யாரும் இந்த நிலத்தில் ஏழாம் படிக்கு மேல் ஏற முடியாது. அதற்குரிய உடல்வலிமை இக்காலத்தவருக்கு இல்லை. கடைசியாக வீடடைந்தவர் ஜம்புசுவாமி. அதற்குப் பின் கதவு அடைபட்டது. குந்தகுந்தரே உயிரோடிருக்கும் தீர்த்தங்கரர் சீமந்தரரின் உரையைக் கேட்க வேறொரு நிலமான விதேகத்துக்குச் சென்று வந்தார் என்ற நம்பிக்கை இந்த ஏக்கத்திலிருந்து பிறந்ததாக இருக்கலாம். உச்சி இல்லையென்று தெரிந்த மலையில் யார் ஏறுவார்? இது தியானத்துக்கான காலமில்லை, விட்டுவிடலாம் என்று அவர் காலத்திலேயே சிலர் சொல்லியிருக்கிறார்கள். குந்தகுந்தரின் மோட்ச பாகுடம் என்ற நூலில் அவர்களுக்குப் பதில் இருக்கிறது. தன்னில் நிற்கிறவனுக்கு இன்றும் அறத்தியானம் உண்டு; நற்காட்சி, நல்லறிவு, நல்லொழுக்கம் என்ற மும்மணிகளால் தூய்மையானவர் இன்றும் தேவ பதவி பெற்று, அங்கிருந்து வந்து வீடடைவார் என்கிறார். அந்தப் பாகுடத்திலேயே உயிரை மூன்றாக வகுக்கிறார்: வெளியையே தானென்று கொண்டவன், உள்ளே திரும்பியவன், பரமன். பதினான்கு படியில் முதலாவதிலிருந்து நான்காவதுக்கு வருவதும், முதல்வனிலிருந்து இரண்டாமவனாவதும் ஒன்றே. அந்தத் திருப்பம் இந்தக் காலத்தில் யாருக்கும் அடைக்கப்படவில்லை.